சோதனை முடியும் நாளை முதலிலேயே குறித்துவிடுங்கள்

இணையதளங்களிலும் கைபேசிச் செயலிகளிலும் எந்த மாற்றத்தை வெளியிடுவது என்று தீர்மானிக்கும் தயாரிப்பு மேலாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

பயனர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்குப் பழைய வடிவத்தையும் மற்றவருக்குப் புதியதையும் காட்டி ஒப்பிடும் ஏ/பி சோதனையை நீங்கள் விரும்பி ஏற்றிருப்பது நல்ல செய்தி. ஆனால் அதை நடுவழியில் நிறுத்தும் பழக்கத்தை நீங்கள் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன்.

1920களில் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் இத்தகைய சோதனைகளுக்கு அடித்தளமிட்டபோது, அறுவடைவரை விளைச்சலை அளக்க வழியில்லை. உங்கள் திரையிலோ எண்கள் மணிக்கு மணி மாறுகின்றன. புதிய வடிவம் முந்தியதும் “வென்றுவிட்டது” என்று அறிவித்துவிடுகிறீர்கள். இரு வடிவங்களுக்கும் உண்மையில் வேறுபாடே இல்லாதபோது, வழக்கமான வரம்பை வைத்து இறுதியில் ஒருமுறை மட்டும் பார்த்தால் பொய்யான வேறுபாடு தென்படும் வாய்ப்பு 5 விழுக்காடு. சீரான இடைவெளியில் பத்து முறை பார்த்து, வேறுபாடு அந்த வரம்பைத் தாண்டிய உடனே நிறுத்தினால் அது ஏறத்தாழ 19 விழுக்காடாகிவிடும். பயனருக்குத் தீங்கு தெரிந்தால் உடனே நிறுத்துவது வேறு, அது கடமை. இடையிடையே பார்த்தே தீர வேண்டுமெனில் அதற்கென்றே வகுக்கப்பட்ட தொடர்முறைச் சோதனைகள் இருக்கின்றன.

எத்தனை பேர் தேவை என்பதையும் முன்கூட்டியே கணக்கிடலாம். நூற்றுக்கு 5 பேர் பதிவு செய்யும் பக்கத்தில் அது 5.5 ஆக உயர்கிறதா என்று வழக்கமான துல்லியத்துடன் அறிய, ஒவ்வொரு பிரிவிலும் 30,000 பேருக்கு மேல் வேண்டும். அதில் பாதி வேறுபாட்டைக் கண்டறிய நான்கு மடங்கு வேண்டும். அவ்வளவு வருகை இல்லாத தளம் பொத்தானின் நிறத்தைச் சோதிப்பதைவிட, சிலரை அழைத்துப் பயன்படுத்தச் சொல்லி அருகிலிருந்து கவனிப்பது மேல்.

எதை அளக்கிறோம் என்பதும் முதலிலேயே முடிவாக வேண்டும். பிங் தேடுபொறியில் ஒரு நிரல்பிழையால் தரமற்ற முடிவுகள் வந்தபோது, பயனர் ஒருவருக்கான சராசரித் தேடல்கள் 10 விழுக்காட்டுக்கு மேலும் வருவாய் 30 விழுக்காட்டுக்கு மேலும் உயர்ந்தன. தேடியது கிடைக்காமல் மக்கள் மீண்டும் மீண்டும் தேடினார்கள், விளம்பரங்களைச் சொடுக்கினார்கள். அந்த இரண்டு எண்களை மட்டும் நம்பியிருந்தால் பிழையே வெற்றியாகியிருக்கும். பயனர் மறுபடி வருகிறாரா என்று அளப்பதே அங்கே பொருத்தம்.

செயலிகளை நடத்துவோருக்கு இன்னொன்று. புதிய பதிப்பை நிறுவியவர்களைப் பழைய பதிப்பில் இருப்பவர்களோடு ஒப்பிடுவது சோதனையே அல்ல. உடனே புதுப்பிப்பவர்கள் பெரும்பாலும் ஆர்வமிக்க பயனர்கள். இரு வடிவங்களையும் ஒரே பதிப்பில் வைத்து, யாருக்கு எது என்பதைச் சேவையகத்திலிருந்து குலுக்கித் தீர்மானியுங்கள்.

நிர்வாகிகளிடம் தனியாக ஒரு வேண்டுகோள். கூகுளிலும் பிங்கிலுமே சோதனைகளில் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடுதான் நல்ல பலன் தருவதாக அத்துறையினர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே வென்ற சோதனைகளின் எண்ணிக்கையைக் கொண்டு குழுக்களை மதிப்பிடாதீர்கள். அந்த அளவுகோல்தான் அவர்களை அவசரப்படுத்துகிறது. அளவீடு, ஆட்களின் எண்ணிக்கை, முழு வாரங்களாக முடியும் கெடு ஆகிய மூன்றையும் எழுதி வைக்காத சோதனைக்கு அனுமதி தராதீர்கள். கெடு முடிந்தபின் ஆய்வாளர் “வேறுபாடு தெரியவில்லை” என்று சொன்னால், அதையும் ஒரு முடிவாகப் பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
சோதனை முடிவுகளைக் கணக்கிடும் ஆய்வாளர் ஒருவர்