கடிவாளம் மாட்டும்போது கொஞ்சம் பொறுமை

எல்லோருக்கும் வணக்கம். காணும் பொங்கல் குதிரை ரேக்ளா பந்தயம் நெருங்குவதால் பலரும் அவசரத்தில் கடிவாளத்தை வாயில் திணிப்பதைப் பார்க்கிறேன். என் பழக்கத்தைச் சொல்கிறேன்.

மார்கழிப் பனியில் வாய்க்கம்பி ஜில்லென்று இருக்கும். உள்ளங்கையில் பொத்திக் கொஞ்சம் சூடாக்காமல் குதிரை பக்கமே போகமாட்டேன். இடப்பக்கம் நின்று முதலில் கழுத்தில் ஒரு கயிறு. அது இல்லாமல் தலைக்கயிற்றைக் கழற்றினால் அப்புறம் வாய்க்கால் வரப்பெல்லாம் துரத்த வேண்டியதுதான், அனுபவம்!

கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் பல்லே இல்லாத ஈறு இருக்கிறது. வாயோரமாகக் கட்டைவிரலை விட்டு அங்கே மெதுவாக அழுத்தினால் தானாகத் திறக்கும். கம்பியால் பல்லை இடிக்காதீர்கள். போன வருடம் நான் ஒரே ஒரு தடவை இடித்துவிட்டேன். அதற்கப்புறம் ஒரு மாதம், கடிவாளத்தைக் கண்டாலே எங்கள் செவலை தலையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டது.

காதை முறுக்காமல் ஒவ்வொன்றாக வாருக்குள் நுழைத்துவிடுங்கள் என்று சொல்லவே வேண்டாம், வாரை அதற்கேற்பத் தளர்த்துங்கள். தொண்டை வாரில் நாலு விரல் நுழைய இடம் வேண்டும். கழற்றும்போதும் இழுக்காதீர்கள், கம்பியை அதுவே துப்பட்டும்.

வார் பிய்ந்திருந்தால் ஞாயிறு காலை கொண்டுவாருங்கள், தைத்துத் தருகிறேன்.