பீரங்கியின் வேண்டுதல்

காத்ர் போர்ன், மொரிஷியஸ்

அன்புள்ள மாரி,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டுவதை நேரில் வந்து திட்டு. வீட்டில் எல்லோரும் நலம்.

விஷயம், நாம் பீரங்கி என்று கூப்பிடுகிறோமே, அவனைப் பற்றித்தான். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் கெடுத்த இதய வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்களே, அந்த வேண்டுதலுக்காக இந்தத் தைப்பூசத்தில் நாக்கிலும் கன்னத்திலும் வேல் குத்திக்கொண்டு கோர் தெ கார்ட் மலைக் கோயிலுக்கு ஏறப்போகிறானாம்!

என் வீட்டுக்காரிக்கு மைட்ரல் என்ற இதய வால்வு லேசாகத் துருத்தும், அவ்வளவுதான். ஆனாலும் பல் பிடுங்கப் போனால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கேட்டு அடம்பிடிக்கிறாள். அவளைப் போன்றவர்களுக்கு அது வேண்டாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2007லேயே சொல்லிவிட்டது. பல் வேலைக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன் 2 கிராம் அமாக்சிசிலின் என்பது முக்கியமாகச் செயற்கை வால்வுக்காரர்கள், ஏற்கெனவே எண்டோகார்டைட்டிஸ் (இதயத்தின் உள்பக்கம், வால்வில் கிருமி பிடிப்பது) வந்தவர்கள், பிறவி இதயக் கோளாறில் சில வகையினருக்குத்தான். அந்த வரிசையில் முன்னால் நிற்கிற பீரங்கியோ சிரிக்கிறான்.

வாயில் சும்மா குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் காயம் பட்டால் ரத்தத்தில் கலக்கும். நல்ல வால்வு என்றால் பெரும்பாலும் ஒட்ட இடமில்லாமல் போய்விடும். செயற்கை வால்வில் ஒட்டினால் கரையான் புற்று மாதிரி வளரும். வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும், சில சமயம் நெஞ்சை மறுபடி திறக்க வேண்டும். துண்டு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்தான்.

"மாத்திரை போட்டுக்கொண்டே குத்துகிறேன்" என்கிறான். அந்த மாத்திரை பல் வைத்தியத்துக்கு அப்பா, இவனைப் போன்றவர்கள் உடம்பில் எங்கும் குத்திக்கொள்ளாமல் இருப்பதே நல்லது என்பதுதான் டாக்டர்கள் பேச்சு. போதாததற்கு ரத்தம் உறையாமலிருக்க தினமும் வார்ஃபரின் மாத்திரை வேறு. நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறையும், நிறுத்தாமல் குத்தினால் நாக்கில் ரத்தம் நிற்காது. பக்தியோடு குத்தினால் ரத்தமே வராதாம். வார்ஃபரினுக்கு அது தெரியுமா?

எனக்குக் கோபமும் வருகிறது, பயமும் வருகிறது மாரி. ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரைச் சமாச்சாரத்துக்கு அப்புறம் அவன் பயப்படுவது உனக்கு ஒருத்தனுக்குத்தான். ரீயூனியன் தீவிலிருந்து ஒரு போன் போடு. காவடியைத் தோளில் எடுக்கட்டும், பால் சொம்பு சுமக்கட்டும், டாக்டர் சரி என்றால் மலையும் ஏறட்டும். வாயில் மட்டும் எதையும் குத்த வேண்டாம். அப்படியே, எப்போது காய்ச்சல் விட்டுவிட்டு வந்தாலும் கைமருந்தாக ஆன்டிபயாடிக் விழுங்காமல் முதலில் போய் ரத்தம் கொடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்யவும் சொல். முன்னாலேயே மருந்து சாப்பிட்டால் கிருமி சோதனையில் சிக்காமல் போகலாம்.

விரதம் தொடங்குமுன் பேசிவிடு. மஞ்சள் துணி கட்டிவிட்டால் வீம்புக்கே நிற்பான், அவனைத் தெரியாதா உனக்கு.

உன்,
கணேசு