டேம் அழகுதான், தண்ணிக்கு அடியில இருந்த ஊரையும் எழுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல ஓணம் லீவுக்கு இடுக்கி டேம் பாக்கப் போறவங்களுக்குன்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. ஹில்வியூ பார்க், போட்டிங், எங்க நின்னா போட்டோ நல்லா விழும், எல்லாம் இருந்துச்சு. ஒரு தப்பு மட்டும், இடுக்கி ஆர்ச் டேம்ல ஷட்டர் திறப்பாங்கன்னு போட்டிருக்கீங்க, அந்த டேமுக்கு ஷட்டரே கிடையாதுங்க. குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவுல 555 அடி உயரத்துக்கு வளைஞ்சு நிக்குற வெறும் காங்கிரீட் சுவரு அது. ஷட்டர் பக்கத்துல செறுதோணி டேம்ல இருக்கு, 2018 வெள்ளத்துல 26 வருஷம் கழிச்சுத் தொறந்தாங்களே, அது.

அது கெடக்கட்டும். குறவனும் குறத்தியும் சாபத்துல மலையான கதைக்கு அரைப் பக்கம் குடுத்த நீங்க, அந்தத் தண்ணிக்குள்ள குடியிருந்த மனுசங்களுக்கு ஒரு வரி குடுத்திருக்கலாம், அதுக்குத்தான் இந்த லெட்டர்.

நாங்க நெடுங்கண்டம். எங்க தாத்தா கம்பத்துல இருந்து கம்பம்மெட்டு ஏறி ஏலக்காத் தோட்டக் கூலிக்கு வந்தவரு, வந்த மாதிரியே கூலியாவே செத்தாரு. ஆனா 1955ல இதே பக்கம் கல்லாறுல, பட்டம் தாணு பிள்ளை திருவிதாங்கூர்-கொச்சி முதல்வரா இருந்தப்ப, காட்டை அளந்து குடும்பத்துக்கு 5 ஏக்கர்னு குடுத்தாங்க. இப்பவும் அதுக்குப் பட்டம் காலனின்னுதான் பேரு. தேவிகுளம் பீர்மேடு தமிழ்நாட்டோட சேரணும்னு நம்மாளுங்க கேட்டுக்கிட்டு இருந்த நேரம், அதைத் தடுக்கத்தான் மலையாள ஆளுங்களக் கொண்டாந்து இறக்குனாங்கன்னு எங்க பக்கம் பெருசுங்க இன்னிக்கும் சொல்லும். வந்தவங்க மேலயும் குத்தம் சொல்ல முடியாது, பாதிப் பேரு சோத்துக்கு இல்லாம கோட்டயம் பக்கத்துல இருந்து மலை ஏறுனவங்க, யானைக்குப் பயந்து மரத்துமேல குடிசை போட்டுப் படுத்துக்கிட்டு கப்பைக்கிழங்கு நட்டவங்க.

ஆறே வருசம். 1961ல டேமுக்கு இடம் வேணும்னு, இதே மாதிரி மலை ஏறி வந்து அய்யப்பன்கோவில்ங்கற ஊருல குடியிருந்தவங்களக் கெளப்புனாங்க. அப்பவும் முதல்வரு அதே பட்டம்தான்! எங்க பக்கத்து வீட்டு சேட்டனுக்கு அப்ப எட்டு வயசாம். மழையில லாரில ஏத்தி குமுளி பக்கம் அமராவதில (நம்ம உடுமலை அமராவதி இல்லைங்க, இது வேற) கொண்டுபோய் இறக்கி விட்டாங்களாம், அவங்கம்மா நனையாம தூக்கிட்டு வந்தது விதைநெல் மூட்டை ஒண்ணுதானாம், அதை நட அங்க வயலே இல்லைன்னு சொல்லிச் சிரிப்பாரு. அந்த ஜனங்களுக்காகத்தான் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் அமராவதிலயே உண்ணாவிரதம் உக்காந்தாரு.

இவங்களுக்கெல்லாம் முன்னாடி அங்க இருந்தது ஊராளிங்க, அந்தக் காட்டுப் பழங்குடி ஜனங்க. 1932ல வேட்டைக்கு வந்த தோட்ட சூப்பிரண்டு ஜானுக்கு, ரெண்டு மலைக்கு நடுவுல பெரியாறு பாயுற இடத்தைக் காட்டுனது ஊராளி மூப்பன் கொலும்பன். டேம் வந்ததே அந்த ஆளு கை நீட்டுனதால. செறுதோணி பக்கம் அவரு சமாதி இருக்கு, பார்க்குக்குப் போற வண்டி எல்லாம் அதைத் தாண்டித்தான் போகுது, எத்தனை பேரு நிறுத்துறாங்கன்னு தெரியல, நானே பேரன் கேட்டப்புறம்தான் முதல் தடவை இறங்குனேன்.

பார்க் வேணாம்னு சொல்லல. போன வருசம் பேரனோட நானும்தான் போனேன், அவிச்ச சோளம் வாங்கித் தின்னுக்கிட்டு புல்லுல உக்காந்து ரெண்டு டேமையும் பாத்தோம். தாத்தா இந்தத் தண்ணிக்குள்ள மீனு மட்டும்தான் இருக்கான்னு கேட்டான். சாயங்காலம் வரைக்கும் சொல்ல வேண்டியதாப் போச்சு.

அடுத்த தடவை ரிப்போர்ட்டரை மே மாசம் அனுப்புங்க, மழைக்கு முன்னாடி. அப்ப தண்ணி இறங்கியிருக்கும், அய்யப்பன்கோவில்ல பழைய கோயில் வரைக்கும் நடந்தே போகலாம், மழைக்காலத்துல வள்ளத்துல போற இடம். வெடிச்ச செம்மண்ணுல வீட்டு அஸ்திவாரக் கல்லு வரிசையா தெரியும், ஒரு இடத்துல அம்மிக்கல்லு பாதி புதைஞ்சு கெடக்குறதை நானே பாத்தேன். செருப்பைக் கையில எடுத்துக்கச் சொல்லுங்க, ஓரத்துல சேறு இழுத்துக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நெடுங்கண்டம், இடுக்கி மாவட்டம்