மஞ்சள் சிக்னலைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஈரோட்டிலிருந்து அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்குக் கண் புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து மட்டும் இன்னும் இரண்டு வாரம் விட வேண்டும். தம்பி வீட்டு விசேஷத்தைப் பற்றி அவளே போனில் சொல்வாள். ஊர்ச் செய்திகளை எல்லாம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பொங்கலுக்கு நீ வந்து போனதிலிருந்து ஒரே விஷயம் மனத்தை அடைத்துக்கொண்டு மற்றதை எழுத விடமாட்டேன் என்கிறது.

இருபத்திரண்டு பேருக்கு நீ பொறுப்பாளராகிவிட்டாய். நம் வீட்டில் இதுவரை யாரும் உட்காராத நாற்காலி அது. பெரியப்பா வீட்டில் யார் வந்தாலும் அதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. நான் ரயில் ஓட்டிய 34 ஆண்டுகளில் எனக்குக் கீழே இருந்தது ஒரே ஓர் ஆள்தான், அவரும் பக்கத்து இருக்கையில்தான் இருந்தார். ஆகவே ஆட்களை நடத்துவதைப் பற்றி உனக்குச் சொல்ல அப்பாவுக்கு என்ன தெரியும் என்று நீ நினைத்தால் அதில் தவறில்லை. இருந்தாலும் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளாக "மீட்டிங்கில் இருக்கேன்ப்பா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடைக்காததால், இதை எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இஞ்சினில் ஒரு வழக்கம் உண்டு. சிக்னல் கண்ணுக்குத் தெரிந்தவுடன் அசிஸ்டென்ட் கையை நீட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். டிரைவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் அது கண்ணெதிரே தெரிகிற சிக்னல்தான். தெரிந்ததையே எதற்குக் கத்த வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் சலிப்பாக இருந்தது. ஒருவர் கண்டதும் மற்றவர் கண்டதும் ஒன்றுதானா என்று வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும் என்பது பிறகு பழக்கத்தில் புரிந்தது. நீயும் ஒரு வேலையைச் சொன்ன பிறகு, "புரிந்ததா?" என்று கேட்காதே, அதற்கு எல்லோரும் "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள். என்ன செய்யப் போகிறாய் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை நீ பேசாதே.

ஒரு ரெஃப்ரெஷர் வகுப்பில் விமான விபத்து ஒன்றைச் சொன்னார்கள். 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃபே தீவில், மூடுபனியில், ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி கிடைக்காமலே வண்டியைக் கிளப்பிய டச்சுக் கேப்டன், மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்த மூத்தவர். அந்த இன்னொரு விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேப்டனுக்குப் பின்னால் இருந்த இன்ஜினியர் ஒருமுறை கேட்டிருக்கிறார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னவுடன் அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மேலே இருப்பவரிடம் கீழே இருப்பவர் துணிந்து சொல்வதற்கும், அதை மேலே இருப்பவர் காது கொடுத்துக் கேட்பதற்கும் தனியாகப் பயிற்சி வேண்டும் என்று விமானக் கம்பெனிகள் முனைந்தது அதன் பிறகுதான். வகுப்பில் எல்லோரும் அந்தக் கேப்டனைக் குறை சொன்னார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஏனென்று இதுவரை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. 2003 ஜூன் மாதம். என் அசிஸ்டென்ட் வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகாத பையன். பாதையில் பராமரிப்பு நடந்த ஓர் இடத்தில் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று காஷன் ஆர்டர், அதாவது எச்சரிக்கை உத்தரவு, இருந்தது. அந்த இடத்துக்கு வெகு முன்பாகவே அவன் அதை நினைவுபடுத்தினான். "எனக்கே சொல்லிக் கொடுக்கறயா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். "சரிங்க சார்" என்றான். அதற்குப் பிறகு சிக்னல் நிறத்தைத் தவிர வேறு எதையும் அவன் என்னிடம் சொல்லவில்லை. பையன் ஒழுங்குக்கு வந்துவிட்டான் என்று நான் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

நான்காம் நாள் இரவு, 58 வேகன் நிலக்கரியோடு பொம்மிடிப் பக்கம் வந்துகொண்டிருந்தோம். முன்கூட்டியே எச்சரிக்கும் டிஸ்டன்ட் சிக்னல் மஞ்சளாக இருந்தது. அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வேண்டும் என்று அதற்குப் பொருள். அவன் "மஞ்சள்" என்றான், நானும் "மஞ்சள்" என்றேன், ஆனால் என் கை பிரேக்கைத் தொடவில்லை. வாய் திருப்பிச் சொல்லிவிட்டது, மனம் வேறெங்கோ இருந்தது. அவன் என் கையைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். மறுபடி கையைப் பார்த்தான். அவன் கை அவசர பிரேக்கின் மேல் இருந்தும் அதை அவன் திருகவில்லை. சில விநாடிகள்தான் கடந்திருக்கும். பிறகு "சார்!" என்று கத்திக்கொண்டே திருகினான். சிவப்புக்கு இரண்டு மின்கம்ப தூரம் இருக்கும்போது வண்டி நின்றது. ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க பார்த்திருப்பீங்கன்னு நினைச்சேன் சார்" என்றான். அவன் உதடு நடுங்கியது. அவனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை.

அன்று என் மனம் எங்கே இருந்தது என்று உனக்கே தெரியும். அன்று காலையில்தான் நீ அந்த விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு முன் அறை வாசலில் நின்று, "அப்பா, எனக்கு இந்த குரூப் வேண்டாம், ஏன்னா" என்று ஆரம்பித்தாய். அந்த "ஏன்னா"வுக்குப் பிறகு வந்திருக்க வேண்டியதை நான் கேட்கவில்லை. இரவு டூட்டிக்குத் தூங்க வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டேன். நீயும் "சரிப்பா" என்றாய்.

மாட்டுப் பொங்கல் அன்று மாடியில் துணி எடுக்க வந்தபோது உன் போன் ஸ்பீக்கரில் இருந்தது. "காரணமெல்லாம் எனக்கு வேண்டாம், முடிஞ்சுதா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்று யாரிடமோ சொன்னாய். அந்தப் பக்கம் ஒரு பையன், கொஞ்ச நேரம் கழித்து, "ஓகே மேடம்" என்றான். நான் துணியை எடுக்காமலே இறங்கிவிட்டேன். நீ கோபமாகக்கூடப் பேசவில்லை. அது அப்படியே என் குரல், அம்மா. நிறுத்துகிற இடம்கூட என்னுடையது.

வேலையில் நீ கெட்டிக்காரி என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவர்கள் பேசி முடிக்க விடு என்று மட்டும் மறுபடியும் சொல்கிறேன். கெட்ட செய்தியோடு வருகிறவனிடம் முதல் வார்த்தை என்ன சொல்கிறாய் என்பதில் கவனமாக இரு. அடுத்த முறை அவன் வருவானா மாட்டானா என்பது அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. உன் அறையில் யாருமே மறுத்துப் பேசாத வாரம் ஒன்று வந்தால், வேலை நன்றாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதே, நான் எடுத்துக்கொண்டதுபோல.

இந்த ஞாயிறு நான் மட்டும்தான் வீட்டில் இருப்பேன். அந்த "ஏன்னா"வுக்குப் பிறகு நீ சொல்ல இருந்தது நினைவிருந்தால் சொல், குறுக்கே பேசமாட்டேன். போனில் "ஓகே மேடம்" என்ற அந்தப் பையன் மறுநாள் வேலைக்கு வந்தானா, உன்னிடம் பிறகு ஏதாவது பேசினானா என்பதையும் சொல்.

அன்புடன்,
அப்பா