மாட்டுவண்டி எட்டு கார்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

கேமராவில் விழும் வண்டிகளை வகை பிரிக்கிற வேலை என்று போனில் சொன்னாயே, எனக்குச் சிரிப்பாக வந்தது. மீன்பெட்டி கட்டிய டிவிஎஸ் 50ஐ உன் கம்ப்யூட்டர் ஆட்டோ என்கிறதாம்! நானும் அந்த வேலைதான் பார்த்தேன், தாயி. 1987இல், ராமேஸ்வரம் ரோட்டில் உச்சிப்புளிப் பக்கம், டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து, தினக்கூலிக்கு. இன்றைக்குத் தேசிய நெடுஞ்சாலை 87 என்கிற அந்த ரோட்டுக்கு அன்றைக்கு நம்பர் 49.

டிராபிக் சென்சஸ், அதாவது ரோட்டில் போகிற வண்டிகளை எண்ணுவது என்றால் ஏழு நாள், இரவும் பகலும். ஆளுக்கு எட்டு மணி நேரம். அறுவடைச் சரக்கு ஓடும்போது ஒரு தடவை, ஓட்டம் குறைந்த மாதத்தில் ஒரு தடவை. ஆடி அமாவாசை மாதிரி கூட்டம் புரளும் நாளில் எண்ணக்கூடாது. வண்டிக்கு ஒரு கோடு; நாலு கோடு நிமிர்த்திப் போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். அப்புறம் எல்லாவற்றையும் கார் கணக்குக்கு மாற்றுவார்கள்: சைக்கிள் அரை கார், லாரி மூன்று கார், பெரிய மாட்டுவண்டி எட்டு கார். மாடு எட்டு காரா என்று நீ கேட்பாய். அது மெதுவாகப் போய்ப் பின்னால் வருகிறவனையெல்லாம் மறிக்கிறதே, அந்த இடைஞ்சலுக்குத்தான் எட்டு.

எங்களை மேய்த்த சாலை ஆய்வாளர் பழைய கதை சொல்லுவார். வெள்ளைக்காரன் காலத்தில் 1927இல் ரோடுகளைப் பற்றி ஆராய ஜெயகர் தலைமையில் கமிட்டி போட்டார்கள். அதன் தொடர்ச்சியாக 1934இல் சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வந்தது. 1943இல் நாக்பூரில் தலைமைப் பொறியாளர்கள் கூடி, தேசிய நெடுஞ்சாலையிலிருந்து கிராமச் சாலை வரைக்கும் வகை பிரித்தார்கள். சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைத் துறை தனியாகப் பிரிந்தது 1946இல்.

நாக்பூரில் வண்டியை எண்ணவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். விவசாய நிலம் எவ்வளவு, ஐயாயிரம் பேருக்கு மேல் இருக்கிற ஊர் எத்தனை என்று ஒரு வாய்ப்பாடு போட்டு, ஒரு ஜில்லாவுக்கு இத்தனை மைல் நல்ல ரோடு வேண்டும் என்று கணக்குப் பண்ணினார்கள். வந்த தொகையில் ரயில் பாதையின் நீளத்தைக் கழித்துவிடுவார்கள். ரயில் இருக்கிறதே, ரோடு எதற்கு என்கிற நியாயம். நம் கடற்கரையைப் பார்த்தவர் யாரும் அப்படிக் கழித்திருக்க மாட்டார்கள் என்று தோன்றும். பாம்பனில் 1914இலேயே ரயில் பாலம் இருந்தும், நான் எண்ணிய வருஷத்தில்கூட பஸ் மண்டபத்தோடு நின்றது. ராமேஸ்வரம் போகிறவன் ரயிலேற வேண்டும்.

சரி, உன்னிடம் சொல்லாத ஒன்று. மூன்றாம் நாள் இரவு. கொசுவுக்குத் தேங்காய்நார்ப் புகை போட்டிருந்தேன். இரண்டு மணிக்குக் கண் அசந்தது, முழித்தபோது நாலரை. தாளில் இரண்டு கட்டம் காலி. முந்தின இரவை ஒட்டி மீன் லாரி மூன்று, கரி லாரி இரண்டு என்று கோடு போட்டேன். மாட்டுவண்டிக் கட்டத்தில் பூஜ்யம். ஆறு மணிக்குத் தாளை வாங்கிப் போய்விட்டார்கள். அப்புறம் டீக்கடை அண்ணன் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "கரிமூட்டை வண்டி வரிசையாப் பதினொண்ணு போச்சே தம்பி, லாந்தர் தொங்கவிட்டுக்கிட்டு. எத்தனைன்னு எழுதுனே?"

பதினொன்று எட்டு எண்பத்தெட்டு. எண்பத்தெட்டு காரை நான் தூங்கியே தொலைத்துவிட்டேன். ஆய்வாளரிடம் போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை. கூலி பிடித்துவிடுவார்களோ என்று பயம்.

அடுத்த வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி ராஜீவ் காந்தி வந்து பாம்பன் ரோட்டுப் பாலத்தைத் திறந்தார். இரண்டே கால் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அதுவரை மண்டபத்தில் நின்ற வண்டியெல்லாம் நேரே கடலைத் தாண்டிப் போனது. நாங்கள் ராப்பகலாக எண்ணியது, பாலம் இல்லாததால் வராமல் போன வண்டியைச் சொல்லவே இல்லை. அதற்குத்தான் சில இடங்களில் வண்டியை நிறுத்தி, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், என்ன சரக்கு என்று கேட்டு எழுதுவார்கள். உன் கேமரா அதைக் கேட்குமா, தெரியவில்லை.

நெத்திலிக் கருவாடு பஸ்ஸில் போட்டு அனுப்பியிருக்கிறேன், மறக்காமல் எடுத்துக்கொள். அந்த டிவிஎஸ் 50ஐக் கடைசியில் எந்தக் கட்டத்தில் போட்டாய் என்று எழுது.

அப்பா