இரண்டு வாசல் வீடும் பத்திரப் பதிவும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜப்பானியர் பெற்றோரைக் கைவிட்டுவிட்டார்கள் என்று எழுதுவோர் தவறாமல் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. 65 வயதைக் கடந்தவர்கள் இருக்கும் குடும்பங்களில் மூன்று தலைமுறையும் சேர்ந்திருந்தவை 1980இல் பாதி. 2023இல் 7 சதவீதம். எண் சரிதான். ஆனால் கீழே பெற்றோர், மாடியில் மகன் குடும்பம், சமையலும் செலவும் தனி என்றால் அரசுக் கணக்கெடுப்பு அதை இரண்டு குடும்பமாகவே எண்ணுகிறது. 'நிசெதாய்' எனப்படும் இந்த இரு குடும்ப வீட்டை அசாஹி கசெய் நிறுவனம் 1975இலேயே விற்கத் தொடங்கிவிட்டது.

எல்லாம் பொதுவாக இருப்பது ஒரு வகை, வாசலும் குளியலறையும் மட்டும் பொது என்பது இன்னொன்று, எல்லாமே தனி என்பது மூன்றாவது. மூன்றாவதில் சமையலறை, குளியலறை, கழிப்பறை எல்லாம் இரட்டிப்பாவதால் செலவு அதிகம். இருந்தும் அதுவே நல்லது என்பேன். ஒரே தொட்டி வெந்நீரில் வீடு முழுக்க முறைவைத்துக் குளிக்கும் ஊர் அது. மகன் வேலை முடிந்து நள்ளிரவில் வந்து குளித்தால் ஒன்பது மணிக்கே படுத்த பெற்றோரின் தூக்கம் போகும்.

தனித்தனி என்றாலும் சத்தம் சுவரைக் கேட்டு வருவதில்லை. மாடிக் குளியலறையும் சமையலறையும் கீழ்த்தளத்துப் படுக்கையறைக்கு மேல் வரவே கூடாது. ஈர அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைய வேண்டும். கழிவுநீர்க் குழாய்க்கு ஒலித்தடுப்பு உறை சுற்ற வேண்டும். மின் மீட்டரும் தண்ணீர் மீட்டரும் இரண்டிரண்டாக இல்லாவிட்டால் மாதாமாதம் பில் தகராறுதான்.

பெரிய சிக்கல் பத்திரத்தில் இருக்கிறது. பெற்றோருடன் ஒரே கட்டடத்தில் வாழ்ந்த பிள்ளை மனையைப் பெற்றால், 330 சதுர மீட்டர் வரை வாரிசு வரிக்கான (இறந்தவரின் சொத்தைப் பெறுவோர் கட்டும் வரி) மதிப்பில் 80 சதவீதம் குறையும். முன்பு இரு வீட்டையும் உள்ளே இணைக்கும் கதவு இல்லாவிட்டால் இந்தச் சலுகை இல்லை. வரிக்காகவே சுவரில் கதவு வைத்தவர்கள் உண்டு. 2014 ஜனவரி முதல் கதவு தேவையில்லை. ஆனால் வீட்டுக்கடன் வசதிக்காகத் தளத்துக்குத் தளம் தனித்தனியாகப் பதிவு செய்துவிட்டால் சலுகை பெரும்பாலும் போய்விடும். இருவர் பங்கும் குறித்துக் கூட்டுரிமையாகப் பதிந்தால் போகாது.

மனை 6 கோடி யென், வாரிசுகள் இரண்டு பிள்ளைகள் என்று வையுங்கள். வரிவிலக்கு வரம்பு 3 கோடியோடு ஆளுக்கு 60 லட்சம், ஆக 4.2 கோடி. உடன் வாழ்ந்தவருக்கே முழு மனையும் போனால் அது 1.2 கோடியாகவே கணக்காகும். தனிப் பதிவானால் 6 கோடியும் கணக்கில் ஏறும். இந்தச் சலுகையால் வரியே வராவிட்டாலும், இறப்பை அறிந்த 10 மாதத்துக்குள் விண்ணப்பம் கொடுத்தாக வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

இன்னொரு பிள்ளை சும்மா இருப்பாரா? போருக்குப் பின் திருத்திய குடிமைச் சட்டம் மூத்த மகனின் தனியுரிமையை நீக்கிச் சம பங்கு தந்துவிட்டது. அந்த இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க ரொக்கம் இல்லாவிட்டால் வீட்டை விற்க வேண்டிவரும். இரண்டு சமையலறை வீட்டுக்கு வாங்குவோரும் குறைவு. எனவே பெற்றோர் இருக்கும்போதே உயில் எழுதி, பணத்துக்கும் வழி செய்ய வேண்டும்.

மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொண்ட மருமகள் வாரிசு அல்ல. 2019 ஜூலை 1 முதல், பார்த்துக்கொண்டதற்காக மருமகள் இறந்தவரின் வாரிசுகளிடம் பணம் கேட்கலாம். ஒத்துவராவிட்டால், இறப்பையும் வாரிசுகள் யார் என்பதையும் அறிந்த 6 மாதத்துக்குள், எப்படியும் இறந்த ஓராண்டுக்குள், குடும்ப நீதிமன்றத்தை நாட வேண்டும். பராமரிப்புக் குறிப்பேடும் செலவு ரசீதுகளும் கையில் இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

இப்படிக்கு,
கட்டடத் துறை வாசகர் ஒருவர்