கடைசி பெஞ்சில் ஒரு மணி நேரம்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நீட், டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி மையங்கள் நடத்துவோருக்கு,

வணக்கம். சென்ற மாதம், மகள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்க ஒரு பயிற்சி மையத்தின் மாடி ஏறினேன். வகுப்பறைக் கதவைத் திறந்ததும், ஏசியின் குளிரோடு நனைந்த துணியும் தலையெண்ணெயும் கலந்த வீச்சம் முகத்தில் அடித்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்கப் போன வருடம் தேர்ச்சி பெற்றவர்களின் படங்கள். கொண்டிகளைக் கட்டுக்கம்பியால் முறுக்கி வைத்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் மூன்று பிள்ளைகள் தலை சாய்த்துக் கிடந்தார்கள். இரவெல்லாம் போன் பார்க்கிறார்கள் என்றார் ஆசிரியர். இருக்கலாம். ஆனால் கதவருகே ஐந்து நிமிடம் நின்ற எனக்கே கண் சொக்கியது.

சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப விடுகிறது. ஒருவர் விட்ட மூச்சைத்தான் அடுத்தவர் இழுக்கிறார். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருப்பவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுகிறார். 30 அடிக்கு 20 அடி, 10 அடி உயரம் உள்ள அறையில் 50 பேரை அடைத்துவைத்தால், வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 420 பங்காக இருக்கும் அந்த வாயு, ஒரே மணி நேரத்தில் 5,000-ஐத் தாண்டும். கதவிடுக்கில் கொஞ்சம் கசிந்து போனாலும் 2,500-ஐ எட்ட அதிக நேரம் ஆகாது.

2,500 என்று சொல்லக் காரணம் உண்டு. 2012-இல் அமெரிக்காவில் 22 பேரை 600, 1,000, 2,500 என்ற மூன்று அளவுகளில் உட்காரவைத்து, முடிவெடுக்கும் திறனைச் சோதித்தார்கள். ஆயிரத்திலேயே சரிவு தெரிந்தது. 2,500-இல் முன்முயற்சியும் திட்டமிடலும் வெகுவாகக் குறைந்தன. அதேபோலச் சுத்தமான கார்பன் டை ஆக்சைடை மட்டும் கலந்து பார்த்த வேறு ஆய்வில் இந்தச் சரிவு தெரியவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதே ஆய்வில், மனித உடலிலிருந்து வரும் மற்ற ஆவிகளும் அறைக்குள் தேங்கியபோது தலைவலியும் மந்தமும் வந்தன. உங்கள் வகுப்பில் இரண்டும் சேர்ந்தேதான் இருக்கின்றன.

விடுதி நடத்துபவர்களுக்குத் தனியாக ஒன்று. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு அதைக் கொளுத்துகிறீர்கள். கொசு வலை வாங்கிக் கொடுங்கள்.

காற்றுக்குப் பஞ்சமான ஊரா இது? ஆரல்வாய்மொழிக் கணவாயில் வரும் காற்றை நம்பி முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் நிற்கின்றன. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் மந்திரசாலையைப் பாருங்கள். அரசர் அமைச்சர்களோடு கூடி ஆலோசித்த அறை அது. வெயிலை மறித்துக் காற்றை விடும் மரச் சட்டங்கள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். (அரண்மனை நம் மாவட்டத்தில், நிர்வாகம் கேரள அரசிடம், அது வேறு கதை.)

பஸ் இரைச்சல், மழைச்சாரல், மின்கட்டணம் என்று நீங்கள் சொல்லப்போவது தெரியும். ஏசியை நிறுத்தச் சொல்லவில்லை. எதிரெதிர் ஜன்னல்களை நான்கு விரல் அகலம் திறந்து வையுங்கள். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்கள். இடைவேளையில் பிள்ளைகளை வெளியே அனுப்பி, பத்து நிமிடம் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்கிக் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டினால், எண் ஆயிரத்தைத் தாண்டியதும் பிள்ளைகளே எழுந்து ஜன்னலைத் திறப்பார்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை, தேர்வு வகுப்பின் மூன்றாவது மணி நேரத்தில், உங்கள் அறையை விட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்காருங்கள். கையில் ஒரு வினாத்தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
நாகர்கோவில்